ஆத்துல போட்டாலும் அளந்து போடு: ஹைட்ரோபோனிக்ஸ் உர பாட்டிலைத் திறக்கும் முன் தண்ணீரைப் பாருங்க!

மாடியில் ஹைட்ரோபோனிக்ஸ் தொடங்க நினைப்பவர்களின் ஷாப்பிங் லிஸ்ட் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பி.வி.சி. பைப், நெட் பாட், சின்ன பம்ப், கோகோபீட், விதை, அப்புறம் 'ஏ', 'பி' என்று எழுதிய 2 பாட்டில் உரம். இந்த லிஸ்ட்டில் வராத ஒரு பொருள் உண்டு. அது தண்ணீர். 'அதான் வீட்டுல போர் இருக்கே' என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

பிரச்சினை ஆரம்பிப்பதே அங்கேதான். மண்ணில்லா விவசாயத்தில் தோற்றுப்போகிறவர்கள் விதையையோ, கிட்டையோ, வெயிலையோ குறை சொல்கிறார்கள். ஆனால் உரத்தைக் கலக்கும் முன் தண்ணீரை அளக்காததுதான் பல நேரங்களில் முதல் தவறு.

திருத்தணி பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் ஆர்.கே.பேட்டையை எடுத்துக்கொள்வோம். ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பதன் சுருக்கம் இது. நெசவு ஊர். அளவு என்பது இந்த ஊருக்குப் புதுசில்லை. நூலின் 'நம்பர்' என்பதே ஓர் அளவுதான். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டாக்கள் எத்தனை இருக்கின்றன என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. சாயம் போடும்போதும் நூலின் எடைக்கு இத்தனை சதவீதம் என்று நிறுத்துத்தான் போட வேண்டும். கண்ணளவில் போட்டால் அடுத்த பாவின் நிறம் இதோடு ஒத்துவராது.

நூலுக்கு இவ்வளவு கணக்கு பார்க்கும் ஊரில், செடிக்கு மட்டும் 'ரெண்டு மூடி ஊத்து, போதும்' என்றால் எப்படி?

மண் செய்த வேலையை யார் செய்வது?

வயலில் ஒரு கைப்பிடி உரம் கூடுதலாக விழுந்தாலும் பயிர் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். காரணம், மண். களிமண் துகள்களும் மக்கும் சத்துக்களும் உரத்தைப் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடும். யூரியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலையை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். அமில, காரத் தன்மை சட்டென்று ஏறி இறங்காமல் மண்ணே ஓரளவு சமாளிக்கும்.

ஹைட்ரோபோனிக்ஸில் இந்த மூன்றும் கிடையாது. வேர் நேரடியாகக் கரைசலில் நிற்கிறது. செடிக்குத் தேவையான 17 தனிமங்களில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்துவிடும். மீதி 14-ம் அந்தக் கரைசலில் இருந்தாக வேண்டும். விட்டுப்போனால் ஈடுகட்ட ஆளில்லை. கூடிப்போனால் தடுக்கவும் ஆளில்லை. மண் செய்துவந்த வேலை மொத்தமும் கலக்குபவர் தலையில் விழுகிறது.

அதனால்தான் கடையில் கிடைக்கும் 19:19:19 உரத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஹைட்ரோபோனிக்ஸ் சரியாக வருவதில்லை. அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கும். கால்சியமும் கிடையாது. வயலுக்கு நல்ல உரம்தான். ஆனால் மண் இல்லாத தொட்டிக்கு அது அரைச் சாப்பாடு.

மீட்டர் 900 காட்டுது... செடி ஏன் வெளுக்குது?

டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பேனா மாதிரி இருக்கும். தண்ணீரில் முக்கினால் எண் வரும். கீரைக்கு 900 பி.பி.எம். வேண்டும் என்று ஒரு வீடியோ சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் 900-ஐத் தொடும்வரை உரம் ஊற்றுவார்கள். தொட்டதும் நிறுத்துவார்கள். கணக்கு சரிதானே?

இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி பாறை நிலம். நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் தங்கி, அங்குள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு போர்வெல் வழியாக மேலே வருகிறது. உதாரணத்துக்கு, ஒரு வீட்டு போர் தண்ணீரே மீட்டரில் 700 காட்டுகிறது என்றால், 900 வரும்போது உண்மையில் சேர்ந்த உரம் 200 மட்டும்தான். மீட்டர் வயிறு நிறைந்ததாகச் சொல்லும். செடி பட்டினி கிடக்கும்.

சரி, 700-க்கு மேல் 900 சேர்த்தால்? மொத்தம் 1,600. லெட்யூஸ் போன்ற மென்மையான இலைப்பயிருக்கு அது உப்புக்கரிக்கும் கரைசல். வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் இலை ஓரம் கருகும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கு. அந்த மீட்டர் அளப்பது கரைசலின் மின்கடத்தும் திறனை மட்டும்தான். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 1 கிராம் சமையல் உப்பைக் கரைத்தாலும் 1,000-ஐ ஒட்டிய எண் வரும். போர் தண்ணீரின் 700-ல் கால்சியம், மெக்னீசியம் இருந்தால் செடிக்குப் பயன். சோடியமும் குளோரைடும் இருந்தால் சுமை. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் நீர்ப் பரிசோதனை செய்வதுதான் வழி.

அப்படி ரிப்போர்ட் கையில் வந்தால் செய்முறையே மாறும். 100 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கால்சியம் நைட்ரேட் போட்டால், ஏறக்குறைய 95 பி.பி.எம். கால்சியமும் 77 பி.பி.எம். நைட்ரஜனும் சேரும். போர் தண்ணீரிலேயே 80 பி.பி.எம். கால்சியம் இருந்தால் இந்த உரத்தைப் பெருமளவு குறைக்கலாம். குறையும் நைட்ரஜனைப் பொட்டாசியம் நைட்ரேட் போன்ற வேறு உரத்திலிருந்து கொடுக்க வேண்டும். ரெடிமேட் பாட்டிலுக்கு இந்தக் கணக்கு தெரியாது. எந்த ஊர்த் தண்ணீராக இருந்தாலும் அது ஒரே அளவைத்தான் சொல்லும்.

ஒரே கரைசல், ரெண்டு எண்

குழப்பம் இதோடு முடியவில்லை. மீட்டர் முதலில் அளப்பது இ.சி. எனப்படும் மின்கடத்துத் திறனை. அதை ஒரு எண்ணால் பெருக்கித்தான் பி.பி.எம். என்று காட்டுகிறது. சில மீட்டர்கள் 500-ஆல் பெருக்கும். சில 700-ஆல் பெருக்கும். இ.சி. 2 இருக்கும் ஒரே கரைசலை ஒரு மீட்டர் 1,000 என்று காட்டும், இன்னொன்று 1,400 என்று காட்டும். ரெண்டுமே பொய் சொல்லவில்லை.

வீடியோ போட்டவரிடம் எந்த மீட்டர், பார்ப்பவரிடம் எந்த மீட்டர் என்று தெரியாமல் '1,000 வெச்சுக்கோங்க' என்ற அறிவுரைக்கு அர்த்தமே இல்லை. பாட்டில் லேபிளாக இருந்தாலும் பயிற்சி வகுப்பாக இருந்தாலும், பி.பி.எம்.-ஐ விட்டுவிட்டு இ.சி.யில் பேசுவதே நேர்மையானது. மீட்டரையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். அதற்கென்றே 1,413 மைக்ரோசீமென்ஸ் அளவுள்ள ஸ்டாண்டர்டு கரைசல் சின்ன பாக்கெட்டிலும் பாட்டிலிலும் விற்கிறது. தராசுக்குப் படிக்கல் மாதிரி மீட்டருக்கு இது.

'ஏ'யும் 'பி'யும் ஏன் தனித்தனி?

விற்பனைத் தந்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வேதியியல். கால்சியம் ஒரு பாட்டிலில் இருக்கும். சல்பேட்டும் பாஸ்பேட்டும் மற்றொன்றில் இருக்கும். அடர்த்தியான நிலையில் மூன்றும் சந்தித்தால், கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், வெள்ளையாக அடியில் படிந்துவிடும். கால்சியம் பாஸ்பேட்டும் சேர்ந்துகொள்ளும். படிந்த சத்து செடிக்குப் போகாது. பம்பையும் அடைக்கும்.

எனவே முதலில் தொட்டியில் முழுத் தண்ணீர். அதில் 'ஏ' ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். பிறகு 'பி'. இடம் மிச்சம் பிடிக்க ரெண்டு பாட்டிலையும் ஒரே மக்கில் ஊற்றி வைப்பது, காசைக் கரைத்து அடியில் வண்டலாக்குவதற்குச் சமம்.

மூடியால் அளக்க முடியாதவை

1938-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஹோக்லண்டும் டேனியல் ஆர்னனும் மண்ணில்லாமல் செடி வளர்ப்பது பற்றி ஒரு கையேடு வெளியிட்டார்கள். அதிலுள்ள கரைசல்தான் இன்றும் ஆய்வகங்களில் 'ஹோக்லண்ட் கரைசல்' என்று புழங்குகிறது. அதன் முழு அளவில் நைட்ரஜன் 210 பி.பி.எம்., பொட்டாசியம் 235, கால்சியம் 200. போரான் எவ்வளவு தெரியுமா? வெறும் 0.5.

100 லிட்டர் தொட்டிக்கு இந்த 0.5-ஐக் கொடுக்க, 0.286 கிராம் போரிக் அமிலம் போதும். சமையலறைத் தராசில் இது தெரியவே தெரியாது. குத்துமதிப்பாக ஒரு சிட்டிகை போட்டால் பல மடங்கு கூடிவிடும். போரான் பற்றாக்குறைக்கும் போரான் நஞ்சாவதற்கும் இடையே இருக்கும் தூரம் மிகக் குறைவு.

இதற்கு ஆய்வகங்கள் பின்பற்றும் வழி எளிமையானது. 2.86 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொள்வார்கள். ஒரு லிட்டர் கரைசலுக்கு அதிலிருந்து 1 மில்லி. 100 லிட்டருக்கு 100 மில்லி. நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றும், ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சும் இருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம்.

உர மூட்டையின் எண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. 0:52:34 என்றால் 52 சதவீதம் பாஸ்பரஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஆக்சைடு கணக்கு. உண்மையான பாஸ்பரஸ் ஏறக்குறைய 22.7 சதவீதம்தான். இதைக் கவனிக்காமல் போட்டால் கணக்கில் பாதிகூடச் செடிக்குப் போய்ச் சேராது.

சத்து இருந்தும் கிடைக்காத நிலை

எல்லாம் சரியாகக் கலந்தாச்சு, ஆனாலும் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா? இரும்புச்சத்தும் பிஹெச்சும் இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியவை. பெரும்பாலான பயிர்களுக்குக் கரைசலின் பிஹெச் 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் இதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். 7-ஐத் தாண்டினால் இரும்பு கரைசலில் நிற்பது கஷ்டம். குறிப்பாக, ஈ.டி.டி.ஏ. வகை இரும்பு அந்த நிலையில் தாக்குப்பிடிக்காது. டி.டி.பி.ஏ. வகை இன்னும் கொஞ்சம் தாங்கும்.

பிஹெச்சைக் குறைக்கப் பாஸ்பாரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்ப்பார்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அமிலத்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் விடக்கூடாது. பிஹெச் 7.5-க்கும் 6.5-க்கும் உள்ள வித்தியாசம் பத்து மடங்கு என்பதையும் மறக்கக்கூடாது.

திருத்தணி வெயில் செய்யும் கணக்கு

மே மாத வானிலைச் செய்திகளில் திருத்தணி பெயர் அடிக்கடி அடிபடும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர்கள் பட்டியலில் அதுவும் ஒன்று. ஆர்.கே.பேட்டை மாடிக்கும் அதே வெயில்தான். அந்த நாட்களில் செடி சத்தைவிடத் தண்ணீரை அதிகமாகக் குடிக்கும். தொட்டியில் நீர் குறையும், மிச்சமிருக்கும் கரைசல் அடர்த்தியாகும். காலையில் இ.சி. 1.6 இருந்த தொட்டி மாலையில் 2-க்கு நகர்ந்திருக்கலாம்.

தண்ணீர் குறைந்ததைப் பார்த்து மறுபடியும் உரக் கரைசலையே ஊற்றுவது இங்கே நடக்கும் பெரிய தவறு. இ.சி. ஏறினால் வெறும் நல்ல தண்ணீர். இறங்கினால் கரைசல். மாறாமல் இருந்தால் அதே அடர்த்தியில் நிரப்பல். இந்த மூன்று வரியைத் தொட்டி மேலேயே எழுதி ஒட்டிவிடலாம்.

வெப்பம் ஆக்சிஜனையும் குறைக்கும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 35 டிகிரியில் 7-க்கும் கீழே இறங்கிவிடும். தொட்டிக்கு நிழலும் வெள்ளைச் சாக்கும் உரத்துக்கு நிகரான முக்கியம்.

எளிமைன்னா அளக்காம இருக்கிறதா?

'இவ்வளவு கணக்கு பார்த்தா சாதாரண ஜனங்க எப்படிச் செய்வாங்க?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தியாவில் இதை முதலில் எதிர்கொண்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஷால்டோ டக்ளஸ். 1946-ல் டார்ஜிலிங் பக்கத்துக் கலிம்போங்கில் மண்ணில்லா விவசாயச் சோதனைகளைத் தொடங்கினார். விலை உயர்ந்த கருவிகள் இல்லாமல் ஏழை எளியவர்களும் செய்யும்படி அதை எளிமையாக்குவதே அவரது நோக்கம். 'வங்காள முறை' என்ற பெயரில் 1951-ல் அது புத்தகமாகவும் வந்தது.

அங்கே எளிமையானது கருவியும் செலவும். உரத்தின் விகிதம் அப்போதும் நிறுத்தே போடப்பட்டது. இன்று நிலைமை தலைகீழ். டைமர், பம்ப், எல்.இ.டி. விளக்கு என்று கருவிகள் கூடியிருக்கின்றன. அளவு மட்டும் மூடிக்கு இறங்கிவிட்டது.

ஹோக்லண்டும் ஆர்னனும்கூடத் தங்கள் கையேட்டில் ஆசைகாட்டவில்லை. அப்போது அமெரிக்காவில் மண்ணில்லா விவசாயம் பற்றிக் கிளம்பிய மிகையான நம்பிக்கைகளுக்குக் கடிவாளம் போடுவதும் அவர்கள் எழுதியதன் ஒரு காரணம். நல்ல மண்ணில் வருவதைவிட மாயாஜால விளைச்சல் எதுவும் வந்துவிடாது என்பதே அவர்களின் முடிவு. இன்று கிட் விற்கும் விளம்பரங்களுக்கு நடுவே இதை நினைவில் வைப்பது பர்ஸுக்கு நல்லது.

மிச்சக் கரைசல் எங்கே போகுது?

இதுவரை சொன்னது செடியின் கதை. ஊரின் கதையும் ஒன்று உண்டு. பழைய கரைசலை ரெண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அது எங்கே போகிறது? பெரும்பாலும் மாடிக் குழாய் வழியாக வாசலுக்கு.

முழு அளவு ஹோக்லண்ட் கரைசலில் உள்ள 210 பி.பி.எம். நைட்ரஜனை நைட்ரேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 930 மில்லிகிராம் வரும். குடிநீரில் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் நைட்ரேட் 45 மில்லிகிராம். அதாவது 20 மடங்கு. செடி பாதியை எடுத்துக்கொண்டாலும் மிச்சம் 10 மடங்கு. ஒரு மாடித் தோட்டத்தால் ஊர் நிலத்தடி நீர் கெட்டுவிடாது. ஆனால் மானியத்தோடு இது பெரிய அளவில் பரவினால், குடிப்பதும் அதே போர் தண்ணீர்தான் என்ற ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. பழைய கரைசலைத் தண்ணீர் சேர்த்து நீர்த்து, வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சுவது எளிய தீர்வு. மண் அதைப் பிடித்துக்கொள்ளும்.

என்ன மாறணும்?

தமிழ்நாட்டில் 2021 முதல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போடப்படுகிறது. மத்திய அரசின் ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் 2025 வழிகாட்டுதல்களிலும் ஹைட்ரோபோனிக்ஸ் சேர்க்கப்பட்டிருக்கிறது. பொதுப் பணம் வரும்போது கேள்வியும் வர வேண்டும்.

முதலாவது, மானியமோ பயிற்சியோ எதுவானாலும் நீர்ப் பரிசோதனை அறிக்கையிலிருந்து தொடங்கட்டும். பைப்பும் பம்பும் அதன் பிறகு வரட்டும். திருவள்ளூர் மாவட்டத்துக்குத் திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தண்ணீர் ரிப்போர்ட்டைப் படித்து, 'உங்க ஊர்த் தண்ணிக்கு இந்தக் கலவை' என்று சொல்லும் ஆலோசனை இதுபோன்ற நிலையங்கள் வழியாகக் கிடைத்தால், கிட் மானியத்தைவிட அது அதிகம் உதவும்.

இரண்டாவது, ஹைட்ரோபோனிக்ஸ் உர பாட்டிலில் ஒவ்வொரு தனிமமும் எவ்வளவு என்பது தமிழில் இருக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டிலேயே சர்க்கரை எவ்வளவு என்று போடுகிறார்கள். 'லிட்டருக்கு 2 மில்லி' என்ற ஒற்றை வரி போதாது.

மூன்றாவது, மழை. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஹைட்ரோபோனிக்ஸுக்கு ஏறக்குறைய உப்பே இல்லாத மழைநீரைவிட நல்ல ஆரம்பம் இல்லை. 700 காட்டும் போர் தண்ணீர் ஒரு பங்கு, மழைநீர் மூன்று பங்கு என்று கலந்தால் 175-ஐ ஒட்டி இறங்கிவிடும். அதற்கு மேல் செடிக்கு வேண்டிய சத்தைத் தாராளமாகச் சேர்க்க இடம் கிடைக்கும். ஓட்டிலிருந்து வடியும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததை மூடிய டிரம்மில் பிடித்தால் போதும்.

இன்று தொடங்க நினைப்பவருக்கு இதன் பொருள் ஒன்றுதான். முதல் செலவு நீர்ப் பரிசோதனைக்கு. ரெண்டாவது, இ.சி. மற்றும் பிஹெச் மீட்டருக்கு. மூன்றாவது, தராசுக்கு. பைப்பும் பம்பும் நாலாவதாக வரட்டும். நூலை நிறுத்துச் சாயம் போடும் ஊருக்கு இதைக் கற்றுக்கொள்வது கஷ்டமே இல்லை.